ஆர்மோனியத்துக்கு ஒரு ஷாக்கப்சர்

எனக்குச் சுருதி நிற்காது. இதை வெளியே விடாமல் பல வருஷம் நாடக மேடையில் பபூனாக நின்று சோறு தின்றவன் நான். பாட்டின் முதல் அடியை ஒரு கட்டையில் எடுப்பேன். இரண்டாவது அடி வருவதற்குள் குரல் தானாகக் கிளம்பிப் பக்கத்து வீட்டுக்குள் போயிருக்கும். கேட்கிற சனத்துக்கு இது தெரியாமல் போனதற்கு ஒரே காரணம் எங்கள் ஆர்மோனியக்காரர். நான் எந்த வீட்டுக்குள் நுழைகிறேனோ அந்த வீட்டில் எனக்கு முன்பே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்திருப்பார். கீழே இருப்பவர்கள் நான் வேண்டுமென்றே சுருதி மாற்றி விளையாடுவதாக நினைத்துக் கைதட்டுவார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொள்வேன். வேறு ஆர்மோனியக்காரர் உட்கார்ந்த இரண்டொரு நாடகங்களில் என்ன நடந்தது என்று கேட்காதீர்கள். ஒரு ஊரில் ஒரு அம்மாள் மேடைக்கே எழுந்து வந்து, தொண்டைக்கு நல்லது என்று கொஞ்சம் மிளகு கொடுத்துவிட்டுப் போனாள்.

அதனால், இங்கே சொல்லப் போகும் மோட்டார் சைக்கிள் சமாச்சாரத்தில் எனக்கு எது முக்கியம் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டி முக்கியமில்லை. அந்த மனுஷர் என் பின்னால் உட்கார்ந்து வருவதுதான் முக்கியம். அவர் இறங்கிப் போய்விட்டால் என் பிழைப்பும் கூடவே இறங்கிப் போய்விடும்.

எங்கள் புதுக்கோட்டைச் சீமையில் ஸ்பெஷல் நாடகம் என்றால் கம்பெனி கிம்பெனி எதுவும் கிடையாது. ஊர்த் திருவிழாவுக்கு ராஜாவை ஒரு ஊரிலிருந்து கூப்பிடுவார்கள், ராணியை வேறொரு ஊரிலிருந்து. மிருதங்கம் ஒரு திசை, பபூன் ஒரு திசை. வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டால் குறித்த நாளில் பொழுது சாய்வதற்குள் அவரவர் வழியில் வந்து சேர வேண்டும். ஒத்திகை கிடையாது. ராஜாவும் ராணியும் ஒருவரையொருவர் முதன்முதலில் பார்ப்பதே மேடையில்தான் என்பதும் உண்டு. யாராவது வரவில்லையென்றால் நாடகம் நின்றுவிடாது. மந்திரி கிரீடத்தை எடுத்து வைத்துக்கொண்டு ராஜாவாகிவிடுவார். ஒருதரம் ராணி வந்த பஸ் நடுவழியில் படுத்துவிட, மிருதங்கக்காரரின் மச்சான் மீசையை எடுத்துவிட்டு விடிய விடிய ராணியாக இருந்தார். யாருக்குப் பதிலாகவும் யாரும் நிற்கலாம் என்பதுதான் எங்கள் தொழிலில் முதல் பாடம். அந்தப் பாடத்தை மோட்டார் சைக்கிளுக்கும் வைத்துப் பார்த்ததில்தான் வினை வந்தது.

அறுபதுகளின் தொடக்கத்தில், திருமயம் பக்கத்துச் செட்டியார் வீடு ஒன்றில் சும்மா நின்ற மோட்டார் சைக்கிளை நான் வாங்கினேன். அந்த வீட்டுப் பிள்ளை மதராசுக்கு வியாபாரம் பார்க்கப் போய்விட்டார். வண்டி கோழிக்குக் கூடாக இருந்தது. சின்ன வண்டி, லேசான வண்டி. ஆனால் மோட்டார் சைக்கிளில் வரும் பபூன் என்று பேரெடுத்துவிட்டால் வெற்றிலைத் தட்டே கொஞ்சம் மரியாதையாக வரும். ஆர்மோனியக்காரருக்கும் எனக்கும் ஒரே வட்டாரம் என்பதால், இரண்டு பேரையும் சேர்த்துக் கூப்பிடும் ஊர்கள் நிறைய. அவர் பின்னால் உட்கார்ந்து, கம்பளியில் சுற்றிய பெட்டியை எனக்கும் தனக்கும் நடுவில் மடியில் வைத்துக்கொள்வார். பெட்டியின் மூலை என் முதுகுத் தண்டில் எந்த எலும்பில் படுகிறது என்பதை வைத்தே ரோடு எந்த ஊர் ரோடு என்று சொல்லிவிடுவேன்.

பின் சக்கரத்தின் இரண்டு பக்கமும் ஸ்பிரிங் வைத்த குழாய்கள் இரண்டு நிற்கும். அதற்கு முழுப் பெயர் வாயில் நுழையாது. ஷாக்கப்சர் என்போம். சக்கரம் பள்ளத்தில் விழுந்தால் அந்த அடியைத் தானே வாங்கிக்கொண்டு மேலே இருப்பவனுக்குத் தெரியாமல் மறைப்பது அதன் வேலை. என் வண்டியில் இருந்ததுக்கு மறைக்கும் பழக்கமே இல்லை. கீழே நடப்பதை ஒன்று விடாமல் உடனுக்குடன் மேலே சொல்லிவிடும்.

இப்படிச் சொல்லிச் சொல்லி ஒருநாள் பெட்டிக்குள் ஏதோ ஒரு கட்டை இடம் பெயர்ந்துவிட்டது. அன்று மேடையில் அவர் துருத்தியை அழுத்தியதும், கை வைக்காத ஒரு சுரம் ‘ஊ’ என்று தானாகக் கிளம்பியது. நிறுத்த முடியவில்லை. ராஜா தர்பாருக்குள் வரும்போதும் ‘ஊ’. ராணி அழும்போதும் ‘ஊ’. நான் சும்மா இருக்காமல், சபையில் யாரோ புதுப் பெண்டாட்டியை நினைத்துப் பெருமூச்சு விடுகிறார் என்று ஒரு போடு போட்டேன். சனம் விழுந்து புரண்டது. ஆர்மோனியக்காரர் சிரிக்கவில்லை.

மறுநாள் காலை, டீக்கடையில் வைத்து, கிளாஸைப் பார்த்துக்கொண்டே அவர் விஷயத்தைச் சொன்னார். காரைக்குடிப் பக்கத்துப் பபூன் ஒருவர் கார் வைத்திருந்தார். எனக்குப் போட்டி என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஏனென்றால் அவருக்குச் சுருதி நிற்கும். அவர் தன்னோடு வந்துவிடும்படி கேட்டிருக்கிறாராம். முன் சீட்டு ஆர்மோனியக்காரருக்கு, பின் சீட்டு பெட்டிக்கு.

“அடுத்த நாடகம் ஆலங்குடிக்கு அங்கிட்டு. மறுநாள் விடியக்காலை அந்த ஊருக்கே வந்து பதில் கேட்டுக்குறேன்னுருக்காரு. அதுக்குள்ள இந்த வண்டிய ஒழுங்கு பண்ணு தம்பி. பெட்டி நோகாம வந்து சேந்துச்சுன்னா நான் எங்கிட்டும் போகல.”

அவ்வளவுதான் சொன்னார். நான் மிச்ச டீயை அப்படியே வைத்துவிட்டு வண்டியை எடுத்தேன்.

புதுக்கோட்டையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக் ஒருவர் இருந்தார். நாடகப் பைத்தியம். ஆள் நல்ல பாரி உடம்பு. ஸ்பானரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார் என்றால் வண்டி எங்கே இருக்கிறது என்று தேட வேண்டும். நான் போனதும் போகாததுமாக, காலையும் கையையும் ஆட்டி, பெட்டி, கார், சுருதி என்று கலந்து கொட்டினேன். அவர் எல்லாம் கேட்டுவிட்டு, இந்த வண்டிக்கு இதே ஷாக்கப்சர் புதிதாக வர மதராசுக்குச் சொல்லி அனுப்ப வேண்டும், மாசக் கணக்காகும் என்றார். நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். மூலையில் சாக்குப் போட்டு மூடியிருந்த ஒன்றைத் திறந்து காட்டினார்.

ரோடு காண்டிராக்டர் ஒருவரின் பெரிய மோட்டார் சைக்கிள் அது. பாலத்துச் சுவரில் மோதி முன்பக்கம் அப்பளமாகிவிட்டது. பின்பக்கம் புதுசு போல் இருந்தது. “முன்னாடிதான் செத்துப்போச்சு, பின்னாடி உசிரோட இருக்கு” என்றார். அதன் ஷாக்கப்சர் இரண்டும் என் தொடை தண்டிக்கு இருந்தன. அதை வைத்தால் என் வண்டி ரயில் மாதிரிப் போகும் என்று எனக்குத் தோன்றியது. அவர் லேசாக இழுத்தார். இது கனத்த வண்டிக்குச் செய்தது, நீளமும் இரண்டு விரற்கடை கூட, ஒத்துவருமோ என்னவோ என்று முனகினார். ராணி வராவிட்டால் மீசைக்காரன் ராணியாகவில்லையா, ஷாக்கப்சர் மட்டும் மாறக் கூடாதா என்று நான் மடக்கினேன். நாடகப் பைத்தியத்திடம் அந்த நியாயம் செல்லுபடியாகிவிட்டது.

இரண்டு நாள் வேலை. போல்ட் நுழையும் அதன் கண் பெரிசு, என் வண்டியின் போல்ட் சிறிசு. லேத்துக்குப் போய் இடையில் போட ஒரு புஷ் கடைந்து வந்தார். பின்பக்கம் தூக்கிக்கொண்டதில் செயின் விறைத்தது. அதைத் தளர்த்தினார். ஸ்டாண்டு தரைக்கு எட்டாமல் தொங்கியது. அதற்கு அவரிடம் வைத்தியம் இல்லை. எங்காவது சாத்திக்கொள்ளுங்கள் என்றார். முடித்துவிட்டுப் பார்த்தால் வண்டி, தண்ணீர் குடிக்கக் குனிந்த ஆடு மாதிரி முகத்தைக் கீழே கவிழ்த்துப் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. ஹெட்லைட் முன்சக்கரத்தைத்தான் பார்த்தது.

சோதித்துப் பார்க்காமல் ஆர்மோனியக்காரரை ஏற்ற எனக்குப் பயம். அதனால் ஒரு ஏற்பாடு செய்தேன். மெக்கானிக்கே ஆர்மோனியக்காரர். ஆர்மோனியத்துக்குப் பதில், விளிம்பு வரை தண்ணீர் நிரப்பிய பித்தளைக் குடம். அவர் பின்னால் உட்கார்ந்து குடத்தை மடியில் வைத்துக்கொண்டார். ஆலங்குடி ரோட்டில் கொஞ்ச தூரம், குழி பார்த்துப் பார்த்து இறக்கி ஏற்றி ஓட்டிவிட்டுத் திரும்பினேன். இறங்கிக் குடத்தைக் காட்டினார். அவர் வேட்டி நனையவில்லை. டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து வந்து குடத்தைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்கள். நான் அந்த இடத்திலேயே ஒரு குட்டி ஆட்டம் போட்டேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை.

நாடகத்து நாள் மத்தியானம் ஆர்மோனியக்காரர் பெட்டியோடும் குடையோடும் வந்தார். அவரைப் பற்றி ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். மனுஷரிடம் வேட்டியைக் கழித்தால் மிச்சம் அதிகம் இருக்காது. மெக்கானிக்கின் ஒரு தொடையை எடுத்து இவரை இரண்டு பேராகச் செய்யலாம். இதை நான் அவர் வண்டியில் ஏறி உட்கார்ந்த பிறகும் கவனிக்கவில்லை. ஏறியதும் மெக்கானிக்குக்கு ‘உஸ்’ என்று இறங்கிய பின்பக்கம் இவருக்கு இம்மிகூட இறங்கவில்லை என்பதையும் கவனிக்கவில்லை.

ஊர் எல்லை தாண்டி முதல் குழி வந்தது. ஸ்பிரிங் என்றால் அமுங்க வேண்டும், அமுங்குவதற்கு மேலே கனம் வேண்டும். இவர் மேலே இருப்பதே அந்த ஸ்பிரிங்குக்குத் தெரியவில்லை. குழியில் இறங்கிய அடி அப்படியே மேலே போய், அவரைத் தூக்கி, ஒரு கணம் அந்தரத்தில் வைத்திருந்து, திரும்பக் கொடுத்தது. நான் திரும்பிப் பார்த்தபோது சீட்டுக்கும் அவருக்கும் நடுவில் ஒரு புளியமரம் தெரிந்தது. இறங்கிய வேகத்தில் சரிவில் சறுக்கி என் மேல் வந்து மோதினார். பெட்டி என் முதுகில் புது எலும்பு ஒன்றைக் கண்டுபிடித்தது. அடுத்து ஒரு குழி, அப்புறம் குழியே இல்லாத ஒரு மேடு. வண்டியை நிறுத்தினேன்.

அவர் இறங்கிப் போய் மரத்தடியில் பெட்டியைப் பிரித்தார். எனக்கு ஓடிப் போய்ப் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்டாண்டு இல்லாத வண்டியை விட்டுவிட்டு எப்படிப் போவது? வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வைத்துக் கேட்டேன், என்னாச்சுண்ணே, என்னாச்சுண்ணே என்று. கட்டைகள் எல்லாம் சரியாக இருந்தன. துருத்தியை மூடி வைக்கும் கொக்கி மட்டும் தெறித்துப் போயிருந்தது.

“முந்தி குழியிலதான் அடிச்சுச்சு. இப்பக் குழி இல்லாத எடத்துலயும் அடிக்குது. இதுதான் ஒழுங்கு பண்ணுனதா?”

நான் பித்தளைக் குடத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு, அந்தக் குடத்தையே கூட்டிக்கொண்டு போய் வாசிக்கச் சொல் என்றபடி, தூரத்தில் பஸ் வரும் புழுதியைப் பார்த்துக் குடையைத் தூக்கினார்.  இன்று பஸ், நாளை கார்.

பஸ் அவர் குடையை மதிக்கவில்லை. எங்களைத் தாண்டிப் போய், கொஞ்ச தூரத்தில் நின்று, ஒரு மனிதரையும் ஒரு மூட்டையையும் இறக்கிவிட்டுப் பறந்தது. கைலியும் வெள்ளைத் தொப்பியுமாக அந்த மனிதர் மூட்டை மேல் உட்கார்ந்து தன்பாட்டுக்குச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் வண்டியை உருட்டிக்கொண்டு அருகே போனேன். மீமிசல்காரர், கருவாட்டு வியாபாரி. புதுக்கோட்டையில் விற்றது போக மிச்சத்தை ஆலங்குடிக் கடை ஒன்றில் போட்டுவிட்டு ஊருக்குப் போகக் கிளம்பியவர். பஸ்ஸில் ஒரு கல்யாணக் கூட்டம் ஏறியிருக்கிறது. வாசனை தாங்காமல் பெண் வீட்டார் சத்தம் போட, கண்டக்டர் மூட்டையை இறக்கச் சொல்லிவிட்டார். மூட்டையை விட்டுப் பிரிய மனசில்லாமல் இவரும் இறங்கிவிட்டார்.

அவர் என்னை உற்றுப் பார்த்து, எங்கள் ஊர்ப் பக்கம் வந்து ஆடின பபூன்தானே என்றார். ஆமாம் என்றேன். என் கண் அவர் மேல் இல்லை, மூட்டை மேல் இருந்தது. உப்பில் ஊறிய சுறாத் துண்டங்கள். தூக்கிப் பார்த்தேன். தூக்க முடியவில்லை. என் வாழ்க்கையில் ஒரு கனத்தைக் கண்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கனத்துக்கு மூட்டையை என் வண்டியில் ஏற்றிக்கொள்கிறேன் என்று பாயிடம் சொன்னதும் அவர் ஒப்புக்கொண்டார். மூட்டை ஆலங்குடிக் கடைக்குப் போய்ச் சேர வேண்டும், அவர் அடுத்த பஸ்ஸில் கைவீசி வருவார். கஷ்டம் இந்தப் பக்கம்தான். ஆர்மோனியக்காரர் சுத்த சைவம். முட்டைக்கடை இருக்கும் தெருவில்கூட நடக்க மாட்டார். அந்த மூட்டையைக் கட்ட வண்டியில் வேறு இடமும் கிடையாது. சீட்டு மேலேயே படுக்கப் போட்டு, அவர் அதன் மேல் உட்கார வேண்டும்.

அவர் மூட்டையைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார். பாய் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார். ஆர்மோனியக்காரர் விபூதியை ஒருதரம் தொட்டுக்கொண்டார்.

“நான் திங்கத்தானே கூடாது. உக்காரக் கூடாதுன்னு யாரும் சொல்லல. கட்டு.”

யானை மேல் அம்பாரி வைத்த மாதிரி இருந்தது. ஆனால் வண்டி போனதே ஒரு போக்கு, அதை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. குழி வரும், பின்பக்கம் மெல்ல இறங்கும், மெல்ல ஏறும். தோணியில் போவது போல. காண்டிராக்டர் வாழ்ந்த வாழ்வு இதுதானா என்று பொறாமையாகக்கூட இருந்தது. எனக்குக் கேட்ட ஒரே சத்தம், என் முதுகுக்குப் பின்னால் பெட்டி விட்ட மூச்சு. கொக்கி போய்விட்டதால் வண்டி ஏறி இறங்கும்போதெல்லாம் துருத்தி கம்பளிக்குள்ளேயே திறந்து மூடியது. ஹூம் என்று இழுக்கும், ஹா என்று விடும். பெட்டியும் சுகமாகத் தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டேன். அது எந்தக் காற்றை இழுக்கிறது என்று நினைக்கவில்லை.

ஆலங்குடியில் மூட்டையைக் கடையில் இறக்கினோம். அதற்கு மேல் ஊருக்குப் போகும் பாதை மணல் வண்டித்தடம், எப்படியும் உருட்டத்தான் வேண்டும். அவர் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் நடக்க, மாடு ஓட்டுகிறவன் மாதிரி நான் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனேன்.

ஊர் எல்லையில் வேப்பிலைத் தோரணம். தெருவெல்லாம் மஞ்சள் தண்ணீர். அம்மனுக்குக் காப்புக் கட்டிய ஊர். ஊர்ப் பெரியவரை அங்கே அம்பலம் என்பார்கள். அம்பலம் எங்களை உட்கார வைத்துச் சாப்பாடு போட்டார். குழம்பில் தாளிதமே இல்லை. அதை அவரே பெருமையாகச் சொன்னார். காப்புக் கட்டிய நாளிலிருந்து ஊருக்குள் ஒரு வீட்டில் கடுகு வெடிக்கவில்லையாம். தாளிக்கிற வாசனைகூட ஆத்தாளுக்கு ஆகாது, மீன் மாமிசத்தை நினைக்கவே கூடாது என்றார்.

எனக்குச் சோறு உள்ளே போகவில்லை. இலைக்கு மேல் குனிந்து, இடது கையை மூக்குப் பக்கம் கொண்டுபோனேன். சுறா. ஆர்மோனியக்காரரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், ஆனால் காது சிவந்திருந்தது. சாப்பிட்டதும் சொல்லிவைத்தாற்போல் இரண்டு பேரும் ஊருணிக்கு நடந்தோம். மண்ணைப் போட்டுத் தேய்த்தோம், சாம்பலைப் போட்டுத் தேய்த்தோம். நான் தேய்த்த தேய்ப்பில் பக்கத்தில் குளித்த ஆள் எனக்குத் தோல் வியாதி என்று தள்ளிப் போனார். வேட்டியைத் துவைத்தோம், கம்பளியை அலசி முள்வேலியில் போட்டோம். ஒருவரையொருவர் முகர்ந்து பார்த்துத் திருப்தியானோம். ஒன்றை மட்டும் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

விளக்கு வைக்கிற நேரம். ஆர்மோனியக்காரர் மேடையில் மேசை போட்டுப் பெட்டியை வைத்தார். சுருதி பார்ப்பதற்காகத் துருத்தியை ஒரு அழுத்து அழுத்தினார்.

பெட்டி, வழி நெடுக இழுத்து வைத்திருந்ததை எல்லாம் விட்டது.

முன்வரிசையில் அம்பலம் இருந்தார். அவர் மூக்கு முதலில் ஒரு பக்கம் திரும்பியது, அப்புறம் மறுபக்கம். அவர் எழுந்தார். அவர் எழுந்ததும் ஊரே எழுந்தது. எந்த வீட்டில் கருவாடு சுடுகிறார்கள் என்று ஒரு குரல் கேட்டது. எதிர்ச் சாரியில் ஒரு பெண், கடற்கரை ஊரிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள் போலிருக்கிறது, எல்லோரும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு கையில் இருந்த பிள்ளையை இறுக்கிக்கொண்டாள். அவள் மாமியார் அடுப்படியைப் பார்க்க விறுவிறுவென்று உள்ளே போனாள்.

ஆர்மோனியக்காரர் இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். துருத்தியிலிருந்து கையை எடுத்தார்.

“யார் வீடும் இல்லீங்க. என் பெட்டிதான்.”

நடந்ததை மறைக்காமல் சொன்னார்.  அம்பலம் கோபக்காரர் இல்லை, ஆனால் முறை என்று ஒன்று இருக்கிறது. தீட்டுப் பட்ட பொருள் ஆத்தா எல்லைக்குள் இருக்க வேண்டுமானால் மஞ்சள் தண்ணீர் ஊற்ற வேண்டும். தாராளமாக ஊற்றுங்கள், பிறகு நாடகம் நடக்கட்டும் என்றார். குடம் வந்துவிட்டது. வேப்பிலை மிதக்க, தளும்பத் தளும்ப.

ஆர்மோனியத்துக்குள் தண்ணீர் போனால் அதை அடுப்பெரிக்கத்தான் பயன்படுத்தலாம். ஆர்மோனியக்காரர் பெட்டி மேல் கவிழ்ந்து இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.  குடத்தோடு வந்த பெண்கள் மேடைப் படியில் கால் வைத்தார்கள்.

நான் யோசித்துச் செய்தேன் என்று சொல்ல ஆசைதான். யோசிக்கவில்லை. பயத்தில் எனக்குக் கால் எப்போதும் மூளைக்கு முன்னால் போகும். பாதி வேஷத்தில், ஒரு கன்னத்தில் மட்டும் அரிதாரத்தோடு, படியில் குறுக்கே போய் விழுந்தேன்.

“பெட்டி கருவாடு சொமக்கலீங்க. சொமந்தது என் வண்டி, ஏத்துனது நான். ஊத்துறதா இருந்தா எங்க ரெண்டு பேரு மேலயும் ஊத்துங்க. அது மரமுங்க, தோலுங்க, செத்துப்போயிரும். நான் நனைஞ்சா காஞ்சிருவேன்.”

குடம் தூக்கியவர்கள் படியிலேயே நின்றார்கள். பிறகு யாரோ ஒருத்தி சிரித்தாள். பபூன் ஆட்டத்தை ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் உண்மையாகவே நடுங்கிக்கொண்டிருந்தேன். அந்த நடுக்கத்துக்குக் கைதட்டினார்கள். அம்பலம் மீசைக்குள் சிரித்துக்கொண்டு தலையசைத்தார். முதல் குடம் தலையில் விழுந்தது. முறைப்படி அதோடு போதும். பெண்களுக்கு அதோடு போதவில்லை. எத்தனை குடம் என்று எண்ணும் நிலையில் நான் இல்லை. மிச்சத்தை வேப்பமரத்தில் சாத்தியிருந்த வண்டிக்கு ஊற்றி, ஹெட்லைட்டுக்குக் குங்குமமும் வைத்தார்கள்.

பெட்டியை என்ன செய்வது என்ற கேள்வி நின்றது. ஆர்மோனியக்காரரே வழி சொன்னார். பூசாரியிடம் சாம்பிராணித் தூபத்தை வாங்கி, துருத்திக்குப் பின்னால் வைத்து, மெல்ல மெல்ல இழுத்தார். இழுத்த காற்றோடுதானே உள்ளே போனது, அப்படியே வெளியே போகட்டும் என்றார். கொஞ்ச நேரத்தில் பெட்டி சாம்பிராணியாக மூச்சு விட்டது. அம்பலம் குனிந்து முகர்ந்து பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

அன்றைய நாடகத்தில், அவ்வளவு தண்ணீரும் தலையில் ஏறி, என் குரல் எந்த வீட்டுக்கும் போகவில்லை, தெருவிலேயே அலைந்தது. அவர் விளக்கைப் பிடித்துக்கொண்டு கூடவே அலைந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் மேடையை விட்டு இறங்கினால் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி வந்தபோதும் தள்ளிப் போய்க் குடித்தார். எனக்குத் தும்மல் ஒரு பக்கம், திகில் ஒரு பக்கம். பெட்டி நோகாமல் வந்து சேர்ந்ததா? சேர்ந்தது. ஆனால் நோகாமல் என்ற சொல்லுக்குள் கருவாடும் மஞ்சள் தண்ணீரும் அடக்கமா என்று அவரைக் கேட்க எனக்குத் தைரியம் இல்லை.

விடிந்தது. மணல் தடத்தின் முனையில் கார் வந்து நின்றது. காரைக்குடிப் பக்கத்துப் பபூன் இறங்கினார். முழு இரவு அவரும் எங்கோ ஆடிவிட்டு வந்தவர்தான், ஆனால் மடிப்புக் கலையாத ஜிப்பா, ஜவ்வாது வாசம். என்னைப் பார்த்துக் கும்பிட்டு, அண்ணனுக்கு உடம்புக்கு முடியலையா, மூஞ்சியெல்லாம் மஞ்சளாக இருக்கிறதே என்றார். ஆர்மோனியக்காரர் அவரைத் தனியாகக் கூட்டிப் போய் ஏதோ பேசினார். பிறகு பெட்டியைக் கொண்டுபோய்க் காரின் பின் சீட்டில் வைத்து, இரண்டு பக்கமும் தலையணையை அண்டக் கொடுத்து, கதவைச் சாத்தினார்.

நான் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏதாவது நகைச்சுவையாகச் சொல்லி வழியனுப்ப வேண்டும் என்று வாயைத் திறந்தேன். தும்மல்தான் வந்தது.

அவர் நடந்து வந்து என் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

“கிளம்பு.”

“அண்ணே, பெட்டி கார்லல்ல இருக்கு.”

“இருக்கட்டும். எங்க வீட்டுல எறக்கிருவாரு. பெட்டிக்குள்ள ரீடு ஆடுனா சரிபண்ண திருச்சிக்கு ஆள் தேடிப் போகணும். நம்ம எலும்புதானே, ஆடுனா ஆடிட்டுப் போகுது.”

பாதி ஆர்மோனியக்காரரை ஜெயித்துவிட்ட திருப்தியோடு கார் கிளம்பிப் போனது. நானும் கிளம்பினேன். ஆலங்குடி தாண்டி ரோட்டில் ஏறுகிற வரை எனக்கு ஒரே சந்தோஷம். அப்புறம் ஒரு நினைப்பு வந்தது. காரின் புழுதியைக் காணோம். புதுக்கோட்டைக்குப் போகாமல் வேறு பக்கம் திரும்பியிருந்தால்? பெட்டி இருக்கிற இடத்துக்குத்தானே இவர் கடைசியில் போயாக வேண்டும்? நான் முறுக்கினேன். பின்னால் மனுஷர் ஏறி ஏறி இறங்கினார். ஒவ்வொரு முறை இறங்கும்போதும் ஒரு வார்த்தை சொன்னார், மேலே போகும்போது மிச்சத்தை விழுங்கினார்.

“மெதுவாப் போ தம்பி.”

“அவரு போயிட்டாருண்ணே. கண்ணுலயே படல.”

“அவன்ட்ட பெட்டிதான் இருக்கு. வாசிக்கிறவன் இங்கிட்டு இருக்கேன். மெதுவாப் போ.”

அவர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதற்கு மேல் ஒரு மனுஷன் என்ன சொல்ல வேண்டும்? இருந்தாலும் என் கை கேட்கவில்லை. காரின் பின்கண்ணாடி தூரத்தில் மினுங்குகிற வரை முறுக்கிக்கொண்டே போனேன். அதுவரை அவர் சீட்டில் உட்கார்ந்த நேரத்தைவிட ஆகாயத்தில் இருந்த நேரம்தான் அதிகம்.